எடை இறங்கிய பிறகு

டோலோன் கணவாய் இறக்கத்தில்
மூன்றாவது வளைவு தாண்டியதும் ஆரம்பிக்கும்.
டொக்.
வலது முன்சக்கரத்துக்குள் யாரோ
கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போவதுபோல.

நாரினுக்குப் போகிறவர்கள் நான்கு பேர்.
டிக்கியில் கால் கட்டிய செம்மறி ஒன்று;
காரைவிட அதுதான் அமைதியாக வந்தது.
"இந்த ஆடிக்கு என்ன வயசு?" மருத்துவச்சி காலிபா கேட்டாள்.
"என்னைவிட நாலு குறைச்சல்."
"அப்போ முட்டிதான்."

எர்மெக் யெகாதெரின்பர்க்கில் கட்டடம் கட்டுகிறான்.
யாருடையது என்று அவனுக்கும் தெரியாது.
போனைச் சக்கரத்தருகே பிடிக்கச் சொன்னான்.
பனியில் மண்டியிட்டுப் பிடித்தேன்.
பக்கத்து வீட்டு அஸ்கத் பானட்டை அமுக்கி அமுக்கி விட்டான்.
இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் காது கொடுத்தவன்
உடனே சொன்னான்:
"ஷாக் அப்சார்பர். சந்தேகமே இல்லை."

எனக்கு இருந்தது.
அமுக்கி விட்டதும் ஒரே எழும்பலில் அடங்கிவிட்டதே வண்டி.
ஷாக் செத்திருந்தால் தொட்டில்போல ஆடியிருக்காதா?
சொல்லவில்லை.
தூரத்தில் இருப்பவனோடு சண்டை போட்டால்
பாதியில் சிக்னல் போய்விடும்,
மீதியை நான் ஒருத்தியே போட வேண்டும்.

கன்டெய்னர் கடை தோக்தோசுன்
துருக்கிப் பெட்டி ஒன்று, ஜெர்மன் பெட்டி ஒன்று வைத்தான்.
ஜெர்மன் பெட்டிக்குள்ளும் துருக்கிதான் என்று
அவன் கண்ணே சொல்லிற்று.
அரைச் செம்மறி விலை.
இறுக்கிப் பிடித்த ஸ்பிரிங்குக்கு நேரே
முகம் வராமல் பார்த்துக்கொண்டு
ஒரு ஞாயிறு முழுக்க மாற்றினேன்.

திங்கள், மூன்றாவது வளைவு:
டொக்.

அன்றிரவு யாரையும் கேட்கவில்லை.
ஜாக்கி ஏற்றி, அடியில் மரக்கட்டை கொடுத்தேன்.
சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பேரிங் சரி.
இடமும் வலமும். ஸ்டீரிங் முனை சரி.
பிறகு கடப்பாரையை
லோயர் ஆர்முக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகி
மெல்ல நெம்பினேன், ஆடும் பல்லை நாக்கு தொடுவதுபோல.

நகர்ந்தது. அரை விரல்.
புஷ்ஷின் ரப்பர்
இரும்பை விட்டு எப்போதோ பிரிந்திருக்கிறது.
வெளியிலிருந்து பார்த்தால் சேர்ந்தே இருந்தது.

டார்ச்சை அணைக்காமல்
கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன்.
குளிர் முதுகில் ஏறியது.

போல்ட் ஒரு நாள் முழுக்க டீசல் குடித்தது.
மறுநாளும் அசையவில்லை.
தீ காட்டினேன், கெட்ட வார்த்தை சொன்னேன்;
எதற்கு இளகியது என்று தெரியவில்லை.
பழைய புஷ்ஷை அறுத்து எடுத்தேன்.
புதியதை வாசல் பனியில் புதைத்தேன், சுருங்கட்டும் என்று.
ஆர்மை அடுப்பின் மேல் வைத்தேன், விரியட்டும் என்று.
வீடெல்லாம் சூடான துரு வாசம்.
மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதினாள்.

மாட்டியதும் போல்ட்டைப் பாதிதான் இறுக்கினேன்.
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுக்க இறுக்கினால்
ரப்பர் முறுகியே கிடந்து முறுகியே கிழியும்.
முதலில் எடை இறங்க வேண்டும்.
கார் தன் உயரத்தில் நிற்க வேண்டும்.
அப்புறம்தான் கடைசித் திருப்பு.

"சத்தம் போச்சா?"
"போச்சு."
"சொன்னேன்ல, ஷாக்னு."
"ஷாக் இல்ல. புஷ். போன்ல கேட்காது அது,
நெம்பிப் பார்க்கணும்."

அந்தப் பக்கம் கான்கிரீட் மிக்ஸர் சுற்றிக்கொண்டிருந்தது.
சிக்னல் நன்றாகவே இருந்தது.
இருவரும் சேர்ந்து அதை வீணாக்கினோம்.

"மே மாசம் வந்துடறேன்."
போன வருஷ மே மாசத்தின் அதே குரல்.
"முதல்ல வந்து இறங்கு," என்றேன்.
"மத்ததை அப்புறம் இறுக்கிக்கலாம்."

இன்று காலிபா மறுபடி ஏறினாள்.
மூன்றாவது வளைவு. ஒன்றுமில்லை.
நான்காவதும்.
"டாஷ்போர்டுக்குள்ள என்னமோ கிடுகிடுங்குதே," என்றாள்.
முன்பும் இருந்திருக்கும்.
டொக்குக்கு அடியில்
கேட்கவில்லை.